பதினேழாம் கால் யாருக்குச் சொந்தம்

அவள் டிரைவர் எழுதுகிறவள். ஓட்டுகிறவள் அல்ல. இந்த வித்தியாசத்தை நிறுவனத்தின் வாயிற்காவலருக்கு விளக்க முதல் நாள் அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நியமன ஆணையில் 'டிரைவர் பிரிவு' என்று இருந்ததைப் படித்துவிட்டு அவர், "வண்டிச் சாவி எங்கம்மா?" என்றார். வண்டி இல்லை என்றாள். "வண்டி இல்லாம என்ன டிரைவர்?" என்றார். கணினிக்குள் விளக்கு, மணி, திரை என்று பல உறுப்புகள் உண்டு, அவற்றை வேலை வாங்கும் நிரலுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின்பக்கம் இருந்த டிரைவர்கள் ஓய்வறையில் போய் உட்காரச் சொன்னார். அங்கே இருந்த ஆறு பேரும் நல்ல மனிதர்கள். நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அன்று ஒட்டிக்கொண்ட 'டிரைவரம்மா' என்ற பெயர் எட்டு வருஷம் கழித்தும் போகவில்லை.

நிறுவனம் மருத்துவமனைகளுக்குக் கருவிகள் செய்தது. அதன் பெருமைக்குரிய படைப்பு, படுக்கையருகே சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி. நோயாளி பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும், நர்ஸ் வருவார். பெட்டியின் வேலை இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டால் நிறுவனத்தில் அறுநூறு பேர் எதற்கு என்று யாராவது கேட்டுவிடலாம் அல்லவா? ஆகவே பெட்டியின் நெற்றியில் நிறுவனத்தின் சின்னம் நீல வெளிச்சத்தில் எரியவும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பெட்டிகள் முதலில் போனது அவள் நாத்தனார் நர்ஸாக இருந்த மருத்துவமனைக்கு. நாற்பது படுக்கைக்கு நாற்பது பெட்டி. மாட்டிய மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, உங்க பெட்டி பார்க்க ரொம்ப லட்சணமா இருக்கு. நீலமா ஜொலிக்குது. மணி மட்டும் அடிக்கல."

"எந்தப் படுக்கையில?"

"எந்தப் படுக்கையிலயும்தான். ஒன்பதாம் நம்பர்ல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். இருபது நிமிஷம் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கார். யாரும் வரலன்னதும் தானே எழுந்திருச்சிருக்கார். இப்ப இடுப்பு எலும்பு முறிஞ்சு கிடக்கார். வலியில கூட என்கிட்ட, 'நான் சரியா அழுத்தலையாம்மா?'ன்னு கேட்கறார் அண்ணி."

அதற்குப் பிறகு டிரைவரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மணியின் டிரைவரை எழுதியவள் அவள்தான். ஒரு பெட்டியைக் கழற்றி வரச் செய்து மேசையில் வைத்துப் பார்த்தாள். பத்தே நிமிஷத்தில் காரணம் தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் மூளையாக இருந்த சில்லுக்கு மரவட்டை மாதிரி வரிசையாகக் கால்கள். ஒவ்வொரு காலிலிருந்தும் ஒரு கம்பி ஏதோ ஓர் உறுப்புக்குப் போகும். மின்சுற்றுப் படம் வரைந்தவர்கள் சிக்கனமாக, பதினேழாம் காலிலிருந்து இரண்டு கம்பி எடுத்துவிட்டிருந்தார்கள். ஒன்று சின்னத்தின் விளக்குக்கு, ஒன்று மணிக்கு. மின்சாரம் சீராக வந்தால் விளக்கு மட்டும் எரியும், துடித்துத் துடித்து வந்தால் மணி அடிக்கும். இதுவரை தவறில்லை. ஆனால் பெட்டிக்குள் எல்லா நிரல்களுக்கும் மேஸ்திரியாக இருக்கும் கெர்னலுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: ஒரு கால், ஒரு டிரைவர். பெட்டியைப் போட்டதும் சின்னத்தின் டிரைவர் முதலில் கண்விழித்துப் பதினேழாம் காலைப் பிடித்துக்கொண்டது. கண்சிமிட்டும் நேரம் கழித்து மணியின் டிரைவர் போய்க் கேட்டால், வேறொருவர் கையில் இருக்கிறது என்று கெர்னல் ஒரே வரியில் திருப்பி அனுப்பியது. அந்த வரி யாரும் படிக்காத ஒரு கோப்பில் மூன்று நாளாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

சோதனைச்சாலையில் இது ஏன் தெரியவில்லை? அங்கே மணியைச் சோதித்தபோது சின்னத்தின் வடிவத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. ஒப்புதல் வந்த அன்றே சின்னத்தை ஏற்றிப் பெட்டியை அனுப்பிவிட்டார்கள்.

வழி எளிமையானது. விளக்கையும் மணியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரே டிரைவரை எழுதிவிட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. எழுதியும் முடித்துவிட்டு, பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

அவர் நாற்காலியிலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "அம்மா, சின்னத்தோட டிரைவர் நம்ம பிரிவு இல்ல. விளம்பரப் பிரிவுக்காக வெளியாள் எழுதினது. அவங்க பிடிச்சிருக்கிற காலை நாம தொட்டா தகராறாயிடும். எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். பொருள் என்ற இடத்தில், 'இரண்டு டிரைவர்களுக்கிடையே பதினேழாம் எண் இடம் குறித்த உரிமைச் சிக்கல்' என்று பிரிவுத் தலைவரே சுருக்கமாகத் திருத்தினார். கோப்பு மாடிக்குப் போனது. மாடியில் அதைப் பிரித்தவர் பொருளை மட்டும் படித்தார். டிரைவர், இடம், உரிமை. சற்றும் தயங்காமல் வாகன நிறுத்தக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்றும் வீட்டுக்குப் போகாதவர். இன்னொருவர் கட்டடங்களையும் நிறுத்துமிடங்களையும் அளந்தே காலம் கழித்த இட அதிகாரி. மூன்றாமவர் வக்கீல். முதல் விசாரணைக்கு டிரைவரம்மா மூன்று வாரம் காத்திருந்தாள்.

"வண்டி எண்?" என்றார் தலைவர்.

"ஐயா, இது வண்டி இல்லீங்க. சில்லுல இருக்கிற கால்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்கம்மா, இந்தக் குழு பதினோரு வருஷமா நடக்குது. வண்டியில வராதவங்க யாரும் இங்க வந்ததில்ல. இருந்தாலும் வந்த கோப்பைத் திருப்பி அனுப்பற வழக்கம் எங்ககிட்ட கிடையாது. திருப்பி அனுப்பினா எங்களுக்கு விஷயம் புரியலன்னு அர்த்தமாயிடும். விதி ஒண்ணுதான். அதை வண்டிக்கும் போடலாம், காலுக்கும் போடலாம். இப்ப இடத்துல நிக்கறது யாரு?"

"சின்னம்."

"எப்பலேர்ந்து?"

"பெட்டி போட்ட நிமிஷத்துலேர்ந்து. மணியைவிட அரை விநாடி முன்னாடி எழுந்திருச்சுடும்."

"அரை விநாடி சீனியாரிட்டி," என்று வக்கீல் எழுதிக்கொண்டார்.

"ஐயா, ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒரே டிரைவர் எழுதி வெச்சிருக்கேன். விளக்கும் எரியும், மணியும் அடிக்கும்."

வக்கீலுக்கு முகம் சிவந்தது. "கூட்டு உரிமையா? விதியில இடமே இல்லம்மா. இன்னைக்கு மணியும் விளக்கும் ஒண்ணா நிக்கும்பீங்க. நாளைக்கு யாராவது நானும் இயக்குநரும் ஒரே இடத்துல வண்டி நிறுத்தறோம்னு வருவாங்க."

இயக்குநரின் பேச்சு வந்ததும் மூவரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு இட அதிகாரி நேரில் பார்வையிட வேண்டும் என்றார். ஒரு வாரம் கழித்து அளவு நாடாவோடு அவள் மேசைக்கு வந்தார். சில்லைக் காட்டினாள். உருப்பெருக்கியைக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். நாடாவை வைத்துப் பார்த்தார், காலே நாடாவுக்கடியில் மறைந்துபோனது. கடைசியில், 'இடத்தின் அகலம்: அளக்கத் தக்கதாக இல்லை. ஆக்கிரமிப்பு: இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"பக்கத்துல பதினெட்டு யாருது?" என்று கேட்டார்.

"யாருமே இல்லீங்க. காலியாத்தான் இருக்கு."

"காலியா இருக்கிறது யாருக்கும் கிடையாது. அது ரிசர்வ்," என்று சொல்லி நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் இடைக்கால ஆணை வந்தது. இறுதித் தீர்ப்பு வரும்வரை ஒற்றைப்படைத் தேதிகளில் பதினேழாம் காலை மணியும், இரட்டைப்படைத் தேதிகளில் சின்னமும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதற்கேற்ப நிரலை மாற்றி, மருத்துவமனையில் அறிவிப்பும் ஒட்ட வேண்டியது. 'இரட்டைப்படை நாட்களில் உதவி தேவைப்படுவோர் கை தட்டவும்.'

டிரைவரம்மா அந்த அறிவிப்பை நாத்தனாரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாத்தனார் இரண்டு முறை படித்தாள்.

"அண்ணி, இந்தக் கடைசி வரிசையில இருக்காங்களே, அவங்களுக்கு ரெண்டு கையிலயும் கட்டு. அவங்க எதைத் தட்டறது?"

டிரைவரம்மா கையை நீட்டி அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் உங்களைக் குத்தம் சொல்லல," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "எழுதத் தெரிஞ்சவங்க நீங்க. இதை எழுதினவங்க இல்ல. ஆனா வாத்தியாரைத் தினமும் புரட்டிப் படுக்கவைக்கறது நான். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டிரைவரம்மா நேராகப் பட்டறைக்கு வந்தாள். அங்கே நாள் முழுக்கச் சூட்டுக்கோலும் கையுமாக உட்கார்ந்து ஈயம் வைக்கிறவரை எல்லோரும் ஈயக்காரர் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"மணிக் கம்பியைப் பதினேழுலேர்ந்து எடுத்துப் பதினெட்டுல வெச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு பெட்டிக்கு நாலு நிமிஷம்."

"அது ரிசர்வாம்."

ஈயக்காரர் உருப்பெருக்கியை இழுத்துச் சில்லைப் பார்த்தார். "எங்கயும் எழுதலியே," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் இருவரும் ஒரு பழைய டிபன் பையில் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். நாத்தனார் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தாள். ஈயக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியை மாற்றினார். டிரைவரம்மா மணியின் டிரைவரில் பதினேழு என்று இருந்த இடத்தில் பதினெட்டு என்று மாற்றி ஏற்றினாள். ஒரே ஒரு எண்தான். முதல் பெட்டியைச் சுவரில் மாட்டி, வாத்தியாரிடம் பொத்தானைக் கொடுத்தார்கள். அவர் மெல்ல அழுத்தினார். மணி கணீரென்று அடித்தது. மேலே சின்னமும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவையும் அழுத்தினார்.

"என்ன சார் வேணும்?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணும் வேண்டாம்மா. நீ வர்றியான்னு பார்த்தேன்."

நாலு மாதம் மணிகள் அடித்தன, நர்ஸுகள் வந்தார்கள், யாரும் விழவில்லை. டிரைவரம்மாவுக்குச் சாப்பாடு ருசித்தது. ஐந்தாம் மாதம் இறுதித் தீர்ப்பு வந்தது.

அவள் ஜெயித்திருந்தாள். அறுபத்திரண்டு பக்கத் தீர்ப்பு. அரை விநாடி சீனியாரிட்டி இருந்தாலும் மணியின் தேவையை மனிதாபிமானத்தோடு கருதி, பதினேழாம் கால் முழுமையாக மணிக்கே வழங்கப்படுகிறது. இடம் இழக்கும் சின்னத்துக்குப் பதினெட்டாம் கால் ரிசர்விலிருந்து விடுவித்துத் தரப்படுகிறது. மேலும் சின்னம் அடைந்த மனவேதனைக்கு ஈடாக, இனி அது சும்மா எரியாமல் மூச்சு விடுவதுபோல் மெல்லக் கூடி மெல்லக் குறைந்து ஒளிரவும் அனுமதிக்கப்படுகிறது.

ஆனால் மணியின் கம்பி இப்போது பதினெட்டில் இருக்கிறது. சின்னத்தின் டிரைவரைப் பதினெட்டில் விட்டால், அது ஓட்டுவது மணியை. மூச்சு விடுகிற வெளிச்சம் என்றால் துடித்துத் துடித்து வரும் மின்சாரம். மணி ஓயாது. மணியின் டிரைவரோ பதினேழில் போய் உட்கார்ந்து, நோயாளி பொத்தானை அழுத்தும்போது விளக்கை மினுக்கும்.

குழுவின் முன் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். "ஐயா, கம்பியை நாங்களே மாத்திட்டோம். நாலு மாசமா எல்லாம் சரியா நடக்குது. இந்தத் தீர்ப்பை நிறைவேத்தினா கெட்டுப்போயிடும்."

தலைவர் கோப்பைப் புரட்டினார். "கம்பி மாத்தினதா இதுல எங்கயும் இல்லையே."

"கோப்புல இல்லீங்க. பெட்டியில மாத்தியிருக்கு."

"அம்மா," என்றார் அவர் மிகுந்த கனிவோடு. "உங்க பக்கம் தீர்ப்புக் குடுத்திருக்கோம். ஜெயிச்சவங்க யாரும் இப்படி வந்து அழுது நான் பார்த்ததில்ல. எங்க கோப்புல இல்லாதது நடக்கல. நடக்காததுக்காக உங்க மேல நடவடிக்கையும் எடுக்கமாட்டோம். சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

எழுத்திலும் கொடுத்தாள். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மையப் பிரிவு நாற்பது பெட்டிகளுக்கும் புது நிரலை ஏற்றியது. அன்று காலையே இயக்குநர் விருந்தினர்களோடு வார்டுக்கு வந்து, மூச்சு விடும் சின்னத்தைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. டிரைவரம்மா பழைய நிரலை விரல் நீள நினைவுக் குச்சி ஒன்றில் பதிந்து கைப்பையில் போட்டுக்கொண்டு, அழைக்காமலே போய் ஓரமாக நின்றாள்.

இயக்குநர் விசையை அழுத்தினார். நாற்பது மணிகளும் ஒன்றாக முனகத் தொடங்கின. மெல்ல எழுந்து, காதைத் துளைத்து, மெல்ல அடங்கி, மறுபடி எழுந்தன. நர்ஸுகள் எந்தப் படுக்கைக்கு ஓடுவது என்று தெரியாமல் வார்டின் நடுவில் நின்றார்கள். சின்னம் ஒன்றுகூட எரியவில்லை.

இயக்குநர் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார். "நண்பர்களே! சின்னம் மூச்சு விடும்னு சொன்னோம். மூச்சுச் சத்தமே கேட்கும்படி நம்ம ஆட்கள் செஞ்சிருக்காங்க! கண் தெரியாத நோயாளிகூட இனிமே நம்ம நிறுவனத்தை உணரலாம். மணி அடிக்குதா அடிக்கலையான்னு கேட்கறவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மணி இன்னைக்கு அடிக்கும், நாளைக்கு அடிக்காது. ஆனா நிறுவனம் நிலைக்கணும்!"

அப்போது இருபத்திரண்டாம் படுக்கைக்கு மேல் சின்னம் படபடவென்று நீலமாக மினுங்கியது.

"அதோ! எரியுது பாருங்க!" என்றார் இயக்குநர். விருந்தினர்கள் கை தட்டினார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

அந்த மினுக்கலுக்கு அர்த்தம் தெரிந்தவள் அந்த வார்டில் ஒருத்திதான். கைதட்டிக்கொண்டிருந்தவர்களை இடித்துக்கொண்டு ஓடினாள். படுக்கையில் இருந்த பெண்ணின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாய் கழன்று கீழே கிடந்தது. உதடு கறுத்து, கண்கள் மேலே செருகி, விரல் மட்டும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"நாத்தனாரே! இருபத்திரண்டு!" என்று டிரைவரம்மா போட்ட சத்தம் நாற்பது மணிகளையும் தாண்டிப் போனது. வாழ்நாளில் அவள் நாத்தனாரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. நாத்தனார் பறந்து வந்து குழாயைப் பொருத்தினாள். அந்தப் பெண்ணின் மார்பு ஏறி இறங்க ஆரம்பித்ததும், கையை நீட்டி டிரைவரம்மாவின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். விடவே இல்லை.

"அண்ணி, இதை நிறுத்துங்க," என்றாள்.

"அனுமதி இல்லம்மா."

"நான் தர்றேன். இது என் வார்டு."

டிரைவரம்மா கைப்பையிலிருந்து குச்சியை எடுத்தாள். இருபத்திரண்டாம் பெட்டியில் செருகினாள். அரை நிமிஷத்தில் அந்த மணி அடங்கியது, சின்னம் சீராக எரிந்தது. பிறகு முதல் படுக்கைக்குப் போய் வரிசையாக ஆரம்பித்தாள். இயக்குநரின் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு மணியாக ஓய்ந்தது. வார்டு அமைதியாக ஆக, அவையினர் தன் பேச்சில் ஒன்றிவிட்டார்கள் என்று நினைத்து இயக்குநர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். நாற்பதாவது பெட்டி அடங்கியபோது அவரும் நன்றி சொல்லி முடித்தார்.

மறுநாளே அவளுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. 'தீர்ப்பின்படி குடியமர்த்தப்பட்ட மணியைப் பதினேழாம் காலிலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றியது.' விசாரணை அதே குழு, அதே மேசை.

"இப்ப மணி எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

"பதினெட்டுல."

"சின்னம்?"

"பதினேழுல. அப்படியே இருக்கட்டும் ஐயா. மாத்தினா இன்னொரு பொம்பளை மூச்சு முட்டிக் கிடப்பா. நீங்க என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் நான் மாத்தமாட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளை வேலையை விட்டு அனுப்பலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் இருபத்திரண்டாம் படுக்கை கோப்புக்குள் வந்துவிடும். தீர்ப்பை மாற்றலாம். ஆனால் தீர்ப்பு தவறு என்று ஆகிவிடும். வக்கீல் நெடுநேரம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. நிர்வாக வசதி கருதி, இனி எல்லாக் கோப்புகளிலும் பதினேழாம் கால் என்பது பதினெட்டாம் கால் என்றும், பதினெட்டாம் கால் என்பது பதினேழாம் கால் என்றும் வழங்கப்படும். இதன்படி தீர்ப்பு எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டதால் குற்றக் குறிப்பாணை கைவிடப்படுகிறது. தீர்ப்பை உரிய காலத்தில் நிறைவேற்றிய டிரைவரம்மாவுக்குப் பாராட்டு.

அவள் அதைப் படித்துவிட்டு மேசைக்கடியில் வைத்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஈயக்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். வேறொரு மருத்துவமனைக்கு இருநூறு பெட்டிகள் போகின்றன. அவர் கையில் படம் ஒன்று, சுற்றறிக்கை ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, மணிக் கம்பியைப் பதினேழுல வைக்கணும்னு போட்டிருக்கு. இது பழைய பதினேழா, புதுப் பதினேழா?"

அவள் எழுந்துபோய்ப் படத்தை வாங்கினாள். எண்கள் இருந்த இடத்தை அவர் பேனாவை வாங்கி அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு பெட்டியில வெச்சுப் பொத்தானை அழுத்திப் பாருங்க. எதுல வெச்சா அடிக்குதோ, அது."

ஈயக்காரர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு பேனாவை அவள் பக்கமே நீட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. அதை எழுத்துல குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தாள்.